புதிய படகும் பழுதறியும் கல்வியும்

ஒடிசா மாநிலத்தில் மகாநதியின் குறுக்கே எழுந்த ஹிராகுட் அணை, 1957ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பிரதமர் நேருவினால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், அதாவது 1959இல், அந்த அணை தந்த மின்சாரத்தை நம்பி அதே ஹிராகுட்டில் ஓர் அலுமினிய உருக்காலை இயங்கத் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தில் ரிஹந்த் அணைக்கு அருகே ரேணுகூட்டிலும் 1962இல் இவ்வாறே ஓர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு டன் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 13,000 முதல் 15,000 யூனிட் வரை மின்சாரம் தேவைப்படுகிறது. அலுமினியத்தை உறைந்த மின்சாரம் என்று அழைக்கும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

அணைகள் மின்சாரத்தை மட்டும் அளிக்கவில்லை. தமக்குப் பின்னால் பெரும் ஏரிகளையும் உருவாக்கின. ஹிராகுட் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது அதன் பரப்பு 740 சதுர கிலோமீட்டருக்கு மேல். நாடு முழுவதிலும் உள்ள நீர்த்தேக்கங்களின் மொத்தப் பரப்பு 31 இலட்சம் ஹெக்டேருக்கும் அதிகம் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவற்றின் கரைகளில் வலை வீசுவோரில் ஒரு பகுதியினர், அந்த அணைகளுக்காகத் தம் நிலத்தையும் ஊரையும் நீருக்குக் கொடுத்த குடும்பங்களின் வழிவந்தவர்கள். நிலத்தை இழந்தவர்களுக்கு நீரே நிலமாயிற்று. அந்த நிலத்தை உழும் ஏராகப் படகு அமைந்தது.

அந்தப் படகு நெடுங்காலமாக மரத்தால் செய்யப்பட்டு வந்தது. நல்ல மரம் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் ஆகிவிட்ட நிலையில், கண்ணாடியிழைப் படகுகளும் அலுமினியப் படகுகளும் அதன் இடத்துக்கு வருகின்றன. புதிய படகை வாங்கித் தருவது எப்படி என்பதை நம் திட்டங்கள் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டன. அது பழுதுபட்டால் உரியவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு மட்டும் கோப்புகளில் இன்றும் போதிய இடம் கிடைப்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

ஏன் அலுமினியம்?

இரும்பின் ஒப்படர்த்தி 7.8, அலுமினியத்தினுடையது 2.7. ஆகவே, ஒரே அளவுள்ள தகட்டை எடுத்துக்கொண்டால் அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எடை குறைந்த படகுக்கு எரிபொருள் குறைவாகச் செலவாகும்; சிறிய எஞ்சினே போதும்; மூன்று நான்கு பேர் சேர்ந்து கரைக்கு இழுத்துவிடலாம். நீர்த்தேக்கத்தில் இந்தக் கடைசி நன்மை சிறியதன்று. ஹிராகுட்டில் நீர்மட்டம் நிறைநிலையான 630 அடியிலிருந்து 590 அடி வரை இறங்கக்கூடும். நீர் இறங்க இறங்கக் கரையும் விலகிச் செல்கிறது. படகும் அதைத் தொடர்ந்து போக வேண்டியுள்ளது.

நீர் இறங்கும்போது வேறோர் ஆபத்தும் வெளிப்படுகிறது. அணை கட்டிய காலத்தில் மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகளும் பாறைகளும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. கட்டையில் மோதினால் கண்ணாடியிழை விரிசல் காணலாம், மரப்பலகை பிளக்கலாம். அலுமினியத் தகடு பெரும்பாலும் நெளிவதோடு நின்றுவிடும். நெளிந்த படகு கரை சேரும் என்பதே அதன் சிறப்பு.

இவ்வுலோகம் நம் மீன்பிடித் தொழிலுக்கு முற்றிலும் புதிதன்று. 1957இல் தோற்றுவிக்கப்பட்டுக் கொச்சியில் இயங்கிவரும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், மரப்படகுகளின் அடிப்பகுதியைத் துளைப்புழுக்களிடமிருந்து காக்க அலுமினியக் கலவைத் தகடு போர்த்தும் முறையை ஆராய்ந்து பரிந்துரைத்துள்ளது.

குறைகளும் உண்டு. தொடக்க விலை மிகுதி. கிராமத்துத் தச்சருக்கோ கொல்லருக்கோ இவ்வுலோகத்தைச் சீர்செய்யும் பழக்கம் இல்லை. இதற்கு வெல்டிங் செய்ய ஆர்கன் வாயுவும் தனிப் பயிற்சியும் வேண்டும். மரப்படகின் நோய்களை மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிவார். அலுமினியத்தின் நோய்களை அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

ஒரு கோப்பின் கதை

இதனை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை. சுமார் 25 ஆண்டுகளுக்கு முன்பு, திட்ட மதிப்பீடுகளின் நிதிக் கூறுகளைப் பரிசீலிக்கும் பிரிவொன்றில் இளநிலை அலுவலராகப் பணிபுரிந்தேன். நாட்டின் மையப் பகுதியிலுள்ள ஒரு நீர்த்தேக்கத்தின் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எஞ்சினுடன் கூடிய அலுமினியப் படகுகள் வழங்கும் முன்மொழிவு என் மேசைக்கு வந்தது. படகு, எஞ்சின், வலை ஆகியவற்றுக்கு அடுத்து, கடைசியில் ஒரு சிறிய இனம் இருந்தது: கருவிப்பெட்டி, உதிரிப்பாகங்கள், உறுப்பினர் இருவருக்கு இரண்டு வாரப் பயிற்சி. ‘இது திரும்பத் திரும்ப வரும் செலவு, பயனாளிகளே ஏற்கத் தக்கது’ என்று குறிப்பெழுதி அந்த இனத்தை நீக்கினேன். சிக்கனம் செய்துவிட்ட மனநிறைவும் எனக்கு அன்று இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து ஆய்வுப் பயணமாக அவ்வூருக்குச் சென்றேன். படகுகளில் சில ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. உடன் வந்த மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். குளிர்நீர் பம்பினுள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் சேற்றாலும் மணலாலும் தேய்ந்து உதிர்ந்திருந்தன. அதனால் எஞ்சின் சூடேறி நின்றிருக்கிறது. படகின் அடித்தகட்டில் நான்கைந்து சிறு துளைகளும் இருந்தன. மிதிபலகையைப் பொருத்தியவர்கள் பித்தளை ஆணிகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். கழன்று விழுந்த ஆணிகள் பலகைக்கு அடியிலிருந்த ஈரச் சேற்றில் மாதக்கணக்கில் கிடந்து, தாம் தொட்ட இடங்களில் அலுமினியத்தை அரித்துவிட்டன.

படகு நின்றுபோன நாட்களில் அந்தக் குடும்பம் மீன் வணிகரிடம் முன்பணம் வாங்கியிருந்தது. முன்பணம் கொடுத்தவருக்கே, அவர் சொன்ன விலைக்கே, மீனைக் கொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். படகு இல்லாதபோது மீனும் இல்லை; கடன் மட்டும் வளர்ந்தது. சங்கச் செயலாளரான முதியவர் என்னிடம் கோபப்படவில்லை. “ஐயா, படகைக் கொடுத்தீர்கள். அதற்கு என்ன நோய் வரும், என்ன மருந்து என்று சொல்லித் தரவில்லையே?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பின்னர் அந்தப் படகு பழைய உலோகமாக எடைக்கு விற்கப்பட்டதாக அறிந்தேன். பழைய அலுமினியத்துக்கும் நல்ல விலை உண்டு என்பதை இவ்வுலோகத்தின் நன்மைகளில் ஒன்றாக நானே அக்கோப்பில் எழுதியிருந்தேன்.

படகின் கணக்கு

நான் நீக்கிய அந்தச் சிறு இனத்தின் உண்மையான மதிப்பு என்ன? விளக்கத்துக்காக ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இவை எந்தச் சந்தையின் விலைகளும் அல்ல. கணக்கின் போக்கைக் காட்டுவதற்காகக் கொண்ட எண்கள்.

படகின் உடல் ரூ.2,40,000, எஞ்சின் ரூ.1,20,000, வலையும் பிற தளவாடங்களும் ரூ.40,000. மொத்த முதலீடு ரூ.4,00,000. 2020-21ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பயனாளிகளுக்கான பணிகளில் பொதுப் பிரிவினருக்கு அலகுச் செலவில் 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு 60 விழுக்காடும் அரசு உதவியாக வகுக்கப்பட்டன. நம் கணக்கில் 40 விழுக்காடு எனக் கொண்டால் உதவித்தொகை ரூ.1,60,000. வங்கிக் கடன் ரூ.2,00,000, சொந்தப் பணம் ரூ.40,000.

இனி ஆண்டுச் செலவைப் பார்ப்போம். உடல் 20 ஆண்டுகள், எஞ்சின் 6 ஆண்டுகள், வலை முதலியன 4 ஆண்டுகள் உழைக்கும் எனக் கொண்டால் தேய்மானம் முறையே ரூ.12,000, ரூ.20,000, ரூ.10,000, ஆக ரூ.42,000. கடனுக்கு 10 விழுக்காடு வீதம் முதலாண்டு வட்டி ரூ.20,000. காப்புறுதி, உரிமக் கட்டணம் ஆகியவற்றுக்கு ரூ.8,000. பராமரிப்புக்கு ரூ.15,000. மொத்த நிலைச் செலவு ரூ.85,000. படகு ஓடினாலும் கரையில் நின்றாலும் இதில் பெரும்பகுதி வந்தே தீரும்.

எரிபொருள், பனிக்கட்டி, ஆட்களின் பங்கு ஆகியவை போக ஒரு நாள் தொழிலில் ரூ.600 மிஞ்சுகிறது எனக் கொள்வோம். ஆண்டில் 200 நாட்கள் படகு ஓடினால் கிடைப்பது ரூ.1,20,000. நிலைச் செலவு போக ஆதாயம் ரூ.35,000. பழுதினால் 40 நாட்கள் வீணாகி 160 நாட்களே ஓடினால் கிடைப்பது ரூ.96,000, ஆதாயம் ரூ.11,000. ஓடும் நாட்கள் 142க்குக் கீழே இறங்கினால் நட்டம்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, ஓடும் நாட்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆதாயம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைகிறது. இரண்டாவது, உதவித்தொகையால் வந்த பகுதிக்கும் தேய்மானம் ஒதுக்க வேண்டும். அடுத்த எஞ்சின் வாங்கும்போது உதவித்தொகை மீண்டும் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மூன்றாவது, கருவிப்பெட்டிக்கும் பயிற்சிக்கும் முதலீட்டில் 3 விழுக்காடு, அதாவது ரூ.12,000 செலவிட்டால், அது முதலாண்டில் 20 நாட்களை மீட்டுத் தந்தாலே செலவு திரும்பிவிடும். நான் சிக்கனம் என்று கருதியது உண்மையில் மிகப் பெரிய வீண்செலவு.

பெற்றுக்கொள்ளும் நாளில்

படகின் பல பழுதுகள் அது நீரில் இறங்குவதற்கு முன்பே தொடங்குகின்றன. ஆகவே, ஒப்படைப்பு நாளில் மாலை அணிவித்துப் படம் எடுப்பதற்கு முன்னர்ச் சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும்.

தகடு மக்னீசியம் கலந்த கடல்தரக் கலவைதானா என்பதற்கான சான்றிதழைக் கேட்டுப் பெற வேண்டும். 5052, 5083 போன்ற எண்களால் இக்கலவைகள் குறிக்கப்படுகின்றன. பாத்திரம் செய்யும் சாதாரணத் தகடு இதற்கு உதவாது. வெல்டிங் கோடுகள் சீராகவும், துளையும் வெடிப்பும் இன்றியும் உள்ளனவா என்று கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். ரிவெட் அடித்த படகாயின் ஒவ்வொரு ரிவெட்டும் இறுகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் மிதவை நுரை அடைக்கப்பட்டுள்ளதா என்பதும் முக்கியம். படகில் நீர் நிறைந்துவிட்டாலும் அதை மிதக்கச் செய்வது அந்த நுரையே.

எஞ்சினைத் தாங்கும் பின்பலகையின் உயரமும் எஞ்சின் தண்டின் நீளமும் பொருந்த வேண்டும். அவுட்போர்டு எஞ்சின்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 38 செ.மீ., 51 செ.மீ. என்ற இரு தண்டு நீளங்களில் வருகின்றன. படகு ஒரு ஒப்பந்தத்திலும் எஞ்சின் வேறொரு ஒப்பந்தத்திலும் வாங்கப்படும்போது இப்பொருத்தம் தவறிப்போவது எளிது. தண்டு குறுகியதானால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி வீணே சுழலும். நீண்டதானால் கட்டையில் இடிபடும், எரிபொருளும் வீணாகும். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருப்பது பொதுவான விதி.

புது எஞ்சினை முதல் பத்து மணி நேரம் முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டக் கூடாது. பெட்ரோலுடன் எண்ணெய் கலக்கும் வகையாயின், பழகிய எஞ்சினுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது பரவலான அளவு. புதிதில் இன்னும் கூடுதல் எண்ணெய் வேண்டும். சரியான அளவை எஞ்சினுடன் வரும் கையேடு கூறும். அக்கையேடு பயனாளியின் மொழியில் இருக்க வேண்டும் என்பதைக் கொள்முதல் நிபந்தனைகளிலேயே சேர்ப்பது நலம்.

உலோகத்தின் எதிரிகள்

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மீது மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அப்படலமே அதன் கவசம். கவசத்தைக் குலைப்பவை நான்கு.

முதல் எதிரி செம்பு. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் மின்கலம் போன்ற நிலை உண்டாகி, அலுமினியம் அரிக்கப்படும். பித்தளை, வெண்கலம் ஆகியவற்றிலும் செம்பு உண்டு. செம்பு கலந்த அடிப்பூச்சு வண்ணங்களும், செம்பு உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய மரப்பலகைகளும் இப்படகுக்கு ஆகா. சட்டைப்பையிலிருந்து நழுவிய ஒரு செப்பு நாணயம்கூடத் துளையிடப் போதும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைப் பயன்படுத்தும்போதும் இடையே நைலான் அல்லது ரப்பர் வாஷர் வைப்பது நல்லது.

இரண்டாவது எதிரி தேங்கிய ஈரம். சேறு, நனைந்த சாக்கு, வலைத்துண்டு ஆகியவை தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்துக்குக் காற்று செல்லாது, கவசம் புதுப்பிக்கப்படாது. மிதிபலகை எளிதில் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதை எடுத்து அடிப்பகுதியைக் கழுவ வேண்டும்.

மூன்றாவது எதிரி கசியும் மின்சாரம். பேட்டரி விளக்குக்கு இரண்டு கம்பிகள் தனித்தனியே செல்ல வேண்டும். ஒரு கம்பியை மிச்சப்படுத்தப் படகின் உடலையே மின்பாதையாக்குவது உடலை அரிப்புக்குக் கொடுப்பதாகும்.

நான்காவது எதிரி உப்பு நீர். முகத்துவாரத்துக்கோ கடலுக்கோ செல்லும் படகை அன்றாடம் நன்னீரால் கழுவ வேண்டும். எஞ்சினின் குளிர்நீர்ப் பாதையிலும் நன்னீர் ஓடவிட வேண்டும். நீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுகளுக்கும் எஞ்சின்களுக்கும் தியாக உலோகத் துண்டுகள் பொருத்தப்படுகின்றன. அரிப்பைத் தாம் ஏற்றுக்கொண்டு படகைக் காப்பதால் அவற்றுக்கு அப்பெயர். நன்னீரில் மக்னீசியமும், கடல்நீரில் துத்தநாகமும் ஏற்றவை. அவற்றின்மீது வண்ணம் பூசக் கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

கசிவு காணும் முறை

படகினுள் நீர் சேர்ந்தவுடன் துளை விழுந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது வடிகால் துளையின் அடைப்பை. அதன் ரப்பர் தேய்ந்திருக்கலாம். மூடவே மறந்திருக்கவும் கூடும். அது சரியாக இருந்தால் படகைக் கரையேற்றி, கட்டைகள்மீது நன்கு தாங்கவைத்து, உட்புறம் சிறிதளவு நீர் ஊற்றி, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கே துளிர்க்கிறதோ அங்கே கரிக்கோட்டால் வட்டமிட வேண்டும். நீரில் தேடிக் கிடைக்காத கசிவு நிலத்தில் சில நிமிடங்களில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நீரின் எடை மிகுதியாதலால் படகை நிறைத்துவிடக் கூடாது.

தளர்ந்த ரிவெட்டை, ஒருவர் உட்புறம் கனமான இரும்பைப் பிடிக்க, மற்றவர் வெளிப்புறம் சுத்தியலால் தட்டி இறுக்கலாம். ஊசித்துளைக்குச் சுத்தம் செய்த பரப்பில் எபாக்சிப் பசை தற்காலிக மருந்தாகும். வெல்டிங் கோட்டில் விரிசல் கண்டால் தாமதிக்காமல் பயிற்சி பெற்றவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் அருகிலுள்ள தகடு வலுவில் ஓரளவு குறைவது இவ்வுலோகத்தின் இயல்பு. திறமையற்ற கை அடைத்த விரிசல் பக்கத்திலேயே மீண்டும் திறக்கும்.

எஞ்சின் நின்றால்

எஞ்சின் கிளம்ப மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், காற்று, தீப்பொறி. பழுது காண்பவர் இம்மூன்றையும் எளியதிலிருந்து அரியதை நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றுபவருக்குப் பழுது இன்னது என்பது கடைசிவரை தெரியாது.

எஞ்சின் சற்றும் கிளம்பவில்லையானால், ஓட்டுபவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அவசர நிறுத்தக் கயிற்றின் முனை அதன் இடத்தில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிளம்பிச் சில நிமிடங்களில் நின்றால் எரிபொருள் தொட்டியின் காற்றுத் திருகு மூடியிருக்கக்கூடும். தொட்டிக்குள் காற்று நுழையாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. கையால் அழுத்தும் ரப்பர்க் குமிழ் இறுகாமல் தளர்ந்தே இருந்தால் குழாய் இணைப்பில் எங்கோ காற்றுப் புகுகிறது. வடிகட்டியில் நீர்த்துளிகள் தெரிந்தால் எரிபொருளில் நீர் கலந்திருக்கிறது. இவை சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் தீப்பொறியில் குறை. உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை.

எஞ்சின் ஓடுகையில் பின்புறம் மெல்லிய தாரையாக நீர் பீச்சிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தாரை நின்றுவிட்டால் அக்கணமே எஞ்சினை நிறுத்த வேண்டும். நான் கண்ட அந்தப் படகில் இத்தாரை பல நாட்களாக மெலிந்துவந்து பிறகு நின்றிருக்கிறது. அது ஓர் எச்சரிக்கை என்பதை அறிந்தவர் அங்கே எவருமில்லை. இம்பெல்லரின் விலை சில நூறு ரூபாய்தான். சேற்றுநீரில் ஓடும் எஞ்சினுக்கு அதை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.

எஞ்சின் உறுமியும் படகு நகரவில்லையானால், கட்டையில் மோதியதால் புரொப்பெல்லரின் பாதுகாப்பு ஊசி முறிந்திருக்கலாம். அல்லது நடுவிலுள்ள ரப்பர் நழுவியிருக்கலாம். பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. வலையின் நைலான் இழை புரொப்பெல்லர் தண்டில் சுற்றி அடைப்பு வளையத்தை அறுப்பது இதற்கு ஒரு காரணம். வலைத்தொழில் செய்பவர் மாதம் ஒருமுறையேனும் புரொப்பெல்லரைக் கழற்றி இழை சுற்றியுள்ளதா என்று பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

திட்டம் செய்ய வேண்டியது

1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகியவற்றிடையே ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, மறு ஆண்டு கேரளக் கரையில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தின் பிற விளைவுகள் பற்றிப் பல விவாதங்கள் உண்டு. ஆயினும், எஞ்சின் படகுகளோடு படகு கட்டும் தளம், பனிக்கட்டி ஆலை போன்ற துணை ஏற்பாடுகளையும் அது அதே கரையில் அமைத்தது. படகைத் தனியாக அனுப்பாமல் அதன் சுற்றத்தையும் சேர்த்து அனுப்பிய அந்தப் படிப்பினை இன்றும் பொருந்துகிறது.

நீர்த்தேக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இதனைச் சிறிய அளவில் செய்யலாம். ஒவ்வொரு சங்கத்திலும் உறுப்பினர் இருவருக்கு எஞ்சின், தகடு ஆகிய இரண்டிலும் பயிற்சி அளிக்கலாம். மத்திய மீன்வள, கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனம் 1963 முதல் கொச்சியிலும், பின்னர்ச் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் இத்துறையில் ஆட்களைப் பயிற்றுவித்து வருகிறது. ஒரே வகை எஞ்சினை எல்லாப் படகுகளுக்கும் வாங்கினால், இம்பெல்லர், ஸ்பார்க் பிளக், பாதுகாப்பு ஊசி, வடிகட்டி ஆகியவற்றைச் சங்கமே இருப்பில் வைத்திருக்க முடியும். பிடிக்கும் மீனின் மதிப்பில் ஒரு சிறு விழுக்காட்டைப் பராமரிப்பு நிதியாகச் சங்கம் பிடித்தம் செய்யலாம். 2018-19இல் மீன்வளத் துறைக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டை, நடைமுறை மூலதனத்துக்கானது. பழுதுபார்ப்புக்காக வணிகரிடம் முன்பணம் வாங்கும் நிலையைத் தவிர்க்க அது உதவக்கூடும்.

பல நீர்த்தேக்கங்களில் மீன் இனப்பெருக்கத்துக்காக மழைக்காலத்தில் மீன்பிடித்தல் நிறுத்தப்படுகிறது. ஓடும் நாள் எதுவும் வீணாகாத அந்தக் காலமே ஆண்டுப் பராமரிப்புக்கு ஏற்றது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலரும் எத்தனை படகுகள் வழங்கப்பட்டன என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. கடந்த ஆண்டில் ஒவ்வொரு படகும் எத்தனை நாட்கள் ஓடியது, நின்ற நாட்களில் எதற்காக நின்றது என்று கேட்க வேண்டும். இவ்விரு விவரங்களையும் எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடு படகுதோறும் இருந்தால், அடுத்த திட்டத்தை வகுப்பவருக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை.

படகு ஒரு குடும்பத்துக்கு வழங்கப்படும் நாள் ஒன்று. அது அக்குடும்பத்தின் உடைமையாகும் நாள் வேறொன்று. கசியும் இடத்தை அவர்களே கண்டுபிடித்து அடைக்கும் அன்று, நின்ற எஞ்சினை நடுநீரில் அவர்களே கிளப்பிக் கரை சேரும் அன்று, அப்படகு அவர்களுடையதாகிறது. அந்த இரண்டு நாட்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பது திட்டத்தின் கடமை. அதற்கான இனம் மதிப்பீட்டின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கலாம். கோப்பைப் பரிசீலிக்கும் இளம் அலுவலர்கள் அவ்வரியின்மீது கோடு கிழிக்கும் முன் ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.